பதினாலு ஜி.பி.

மூன்றாவது முறையும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைச் சரியென்று ஏற்றுக்கொண்டது. திரை ஒரு நொடி கறுத்தது, பிறகு மறுபடியும் பாஸ்வேர்டையே கேட்டது. நோயல் நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில், கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டிக்குள் அவன் அப்பா சின்னப்பா படுத்திருந்தார். பெட்டியைச் சுற்றிப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் மேஜையும் அதே கூடத்தில்தான் இருந்தது. விவேக் நகரில் அத்தனை சின்ன வீட்டில் அதை வேறு எங்கே வைப்பது?

மணி காலை பத்தேகால். விடிகிற நேரத்தில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர், எடுத்த பாக்கெட்டோடு வாசற்படியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. எழுபத்தொரு வயது, சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, ஒருத்தருக்கும் ஒரு வேளை தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார். நாலு மணிக்குக் கோயிலில் பூசை, ஐந்து மணிக்கு ஓசூர் ரோடு கல்லறை என்று முடிவாகியிருந்தது. பாக்கி இருந்தது ஃபோட்டோ மட்டும்தான்.

"நோயல், பன்னெண்டுக்குள்ள குடுத்துடுப்பா," என்றார் டென்சில், வாசலில் நின்றபடி. கோயில் தெருவில் ஜெராக்ஸும் ஃபிளெக்ஸும் போடும் கடைக்காரர். "வாசல்ல கட்ட ஃபிளெக்ஸ் ஒண்ணு, பெட்டி மேல வெக்க ஃபிரேம் ஒண்ணு, நோட்டீஸ் நூறு. மூணு மணிக்கு ரெடியாவணும்ல. உங்கப்பா இருந்தா இந்நேரம் அனுப்பிட்டு, வந்துச்சான்னு ரெண்டு தடவ ஃபோனும் பண்ணியிருப்பாரு."

அது உண்மைதான். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு முறை கூடிச் செபிக்கும் அன்பியத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் செயலாளர். யார் இறந்தாலும் அரை மணி நேரத்தில் நோட்டீஸ் அவரிடமிருந்து வந்துவிடும், நல்ல படத்தோடு. ராணுவ ஸ்டோரில் முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்த கை அது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அறுபத்து மூன்று வீட்டுக்கும் போவார். புதுத்துணி கலையாமல் இருக்கும்போதே பெரியவர்களை ஆளுக்கொரு படம் எடுத்து வைத்துக்கொள்வார். "நல்லா இருக்கும்போதே எடுத்துடணும். செத்தப்புறம் தேடினா ஆதார் கார்டுதான் கெடைக்கும்," என்பார். படம் எடுத்துக்கொள்கிறவர்களும் அது எதற்கென்று தெரிந்தேதான் சிரிப்பார்கள். போன வருஷப் படத்தில் கண் சுருங்கிவிட்டது, இந்த வருஷம் வேறு எடு என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு.

"இதோ, அஞ்சு நிமிஷம் அங்கிள்," என்றான் நோயல்.

அவனுக்கு இதுதான் தொழில். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் நானூறு சர்வர்களுக்கு அவன் காவல். எந்த சர்வரிலாவது டிஸ்க் எண்பது சதவீதம் நிரம்பினால் அவன் ஃபோன் அலறும். பதினைந்து நிமிடத்துக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அந்தப் பதினைந்தைத் தாண்டியதில்லை. அதற்காக ஒரு கண்ணாடிக் கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது விசைகளைச் சேர்த்து அழுத்தி, எழுத்து மட்டுமே வரும் கறுப்புத் திரைக்குப் போனான். டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டான். நூறு சதவீதம் என்று பதில் வந்தது. உள்ளே வருகிறவன் பேரைக் குறித்துக்கொள்ளக்கூட இடமில்லாமல்தான் கம்ப்யூட்டர் அவனை வாசலுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அடுத்த வரியில் கேட்டான். பதிலைப் பார்த்ததும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

லினக்ஸில் ஒவ்வொரு அப்டேட் வரும்போதும் சாமான்கள் பொட்டலம் பொட்டலமாக இறங்கும். பிரித்து, உள்ளே இருப்பதை அந்தந்த இடத்தில் வைத்த பிறகும் பொட்டலங்கள் ஒரு ஃபோல்டரில் கிடக்கும். அவற்றால் யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லை. ஆனால் கல்யாணம் முடிந்தும் கிளம்பாத விருந்தாளி மாதிரி, யாராவது போ என்று சொன்னால் ஒழியப் போகாது. இந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நோயல். வைரஸ் வராது, ஸ்லோ ஆகாது, ஆயுசுக்கும் உழைக்கும் என்று அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டதும் அவன்தான். ஏழு வருஷத்துப் பொட்டலமும் அப்படியே கிடந்தது. பதினாலு ஜி.பி.

அந்த எண்ணை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான். மூன்று வாரம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபோனில், அப்பா வாயால்.

"நோயலு, எடம் இல்லன்னு ஒரு மஞ்சக் கட்டம் வந்து வந்து போவுதுடா."

"சரிப்பா, பாக்கலாம்."

"எது எவ்வளவு எடம் புடிச்சிருக்குன்னு வட்டம் வட்டமா காட்டுதே, அதத் தொறந்து பாத்தேன். ஆர்க்கைவ்ஸ்னு ஒரு ஃபோல்டரு. அதுல மட்டும் பதினாலு ஜி.பி. நான் அதுல ஒண்ணும் வெக்கலியே. அது யாருது?"

ஸ்டோர் கிளார்க் கேட்கிற கேள்வி. கணக்கில் வராத மூட்டையைக் கண்டுபிடித்து, அது யாருடையது என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவனோ சாதாரண ஆள் இல்லை. இதையே பிழைப்பாகக் கொண்டவன். மீட்டிங் அறைக்கு வெளியே நின்றிருந்த நோயலுக்குப் பொறுமை இல்லை. காதில் பாதிதான் விழுந்தது.

"அப்பா, அது சிஸ்டத்தோடது. அதெல்லாம் தொடாதீங்க. எதையாவது நோண்டி வெச்சீங்கன்னா நான்தான் வந்து உக்காரணும். உங்க சாமான்ல வேண்டாதத அழிங்க, போதும்."

"சிஸ்டத்தோடதா? சரி சரி. தொடல."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். நிறைய அழித்துவிட்டேன், இடம் வரவில்லையே என்றார். குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்கும், அதையும் காலி பண்ணுங்கள் என்றான் நோயல். சனிக்கிழமை நானே வருகிறேன் என்றும் சொன்னான். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை போயாயிற்று. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து விவேக் நகர் ஒன்றும் வெளிநாடு இல்லை. மேம்பாலத்தில் ஏறினால் ஒரு மணி நேரம்.

வரக்கூட வேண்டாம். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். சூடோ, ஏப்ட், க்ளீன். பொட்டலங்களைப் போகச் சொல்ல மூன்றே சொல், ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து. அப்பா ஒரு விரலால் தட்டினாலும் ஒரு நிமிடம் ஆகாது. அந்தச் செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் அவன் பேசியதே, நானூறு சர்வரிலும் இந்தக் குப்பையை வாராவாரம் தானாகக் கூட்டித் தள்ளும்படி எழுதியதைப் பற்றித்தான். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இப்போது அந்த மூன்று சொல்லையும் தட்டினான். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்து நின்றது. இடம் எவ்வளவு என்று கேட்டான். பதினாலு ஜி.பி. காலி. பின்னால் செபமாலை நாலாம் தேவ இரகசியத்துக்கு வந்திருந்தது.

இந்த முறை பாஸ்வேர்டு கொடுத்ததும் திரை திறந்தது. அன்பியம் என்ற ஃபோல்டருக்குள் அறுபத்து மூன்று ஃபோல்டர்கள், வீட்டு எண் வரிசையில். ஒவ்வொன்றிலும் முகங்கள், வெளிச்சம் பார்த்து, தலைக்கு மேல் அளவாக இடம் விட்டு எடுத்தவை. ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து செபம் சொல்கிற அத்தனை பேரும் அதில் தயாராக இருந்தார்கள். அந்த வரிசைக்குக் கீழே, தன் படங்களுக்கென்று அப்பா வைத்திருந்த ஃபோல்டர். பெயர் "நான்". ஸ்டோரில் ரிட்டயர்மெண்ட் விழா, அக்கா மௌரீனின் கல்யாணம், கோயில் திருவிழா, மழைத் தண்ணீரில் நனைந்து வீணாய்ப் போன பழைய ஆல்பங்களிலிருந்து பிழைத்ததை ஸ்கேன் செய்தது எல்லாம் அதில்தான் இருந்தன என்று நோயலுக்குத் தெரியும்.

திறந்தான். காலியாக இருந்தது.

குப்பைத்தொட்டியைத் திறந்தான். அதுவும் காலி. சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர். அழித்ததை மீட்கிற வித்தை எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் மூன்று வாரமாக இறங்கிய அப்டேட்டுகள் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. அப்பாவின் முகம் இருந்த இடத்தில்தான் அந்தப் பொட்டலங்களில் கடைசியாக வந்தவை கிடந்திருக்க வேண்டும்.

"என்னடா, கெடைச்சுதா?" அக்கா மௌரீன் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சந்தாபுராவில் ஸ்கூல் டீச்சர். விடிந்ததும் விடியாததுமாகப் புருஷனோடு பைக்கில் ஏறி வந்தவள், இன்னும் நைட்டிக்கு மேல் போட்ட துப்பட்டாவோடு இருந்தாள்.

"இல்லக்கா."

"இல்லன்னா? அப்பா ஃபோட்டோ அவ்வளவு இருந்துச்சே."

"அழிஞ்சு போயிருக்கு."

"எப்படிடா அழியும்?"

நோயல் வாயைத் திறந்தான். அதற்குள் பெட்டியருகிலிருந்து அம்மா வேதநாயகியின் குரல் வந்தது. காலையிலிருந்து பேசாமல் இருந்தவள், செபமாலையை நிறுத்தாமல் விரலில் மணியைப் பிடித்தபடியே சொன்னாள்.

"அவரேதான் எதையோ அமுக்கிட்டாரு. ரெண்டு மூணு நாளு அது முன்னாடியே உக்காந்து நோண்டிக்கிட்டிருந்தாரு. எடம் பத்தலன்னு தன்னோடத அழிச்சிட்டாரு."

"தெரியாத வேலைய எதுக்கும்மா செய்யணும்?" மௌரீனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "உன்னக் கேட்டிருக்கலாம்ல, நோயலு? தெரியாம அமுக்கிட்டாரு, அப்படித்தானே?"

ஒரு சொல் போதும். நான்தான் அழிக்கச் சொன்னேன் என்று சொன்னால் முடிந்தது. அம்மாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும், பாவம், பார்த்ததைச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. கூடமே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாக்கா," என்றான் நோயல். "ஏதோ தப்பா அமுக்கிட்டாரு போல."

ஃபோன்களைத் தேடினார்கள். மௌரீனின் ஃபோனில் வேளாங்கண்ணியில் எடுத்தது ஒன்று இருந்தது. அதில் அப்பா மங்கிக் குல்லா போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவள் கல்யாண ஆல்பம் சந்தாபுரா வீட்டுப் பரண் மேல். போய் எடுத்து வர மூன்று மணி நேரமாகும். அந்த ஆல்பத்திலும் பெண்ணைக் கைபிடித்துக் கூட்டி வந்தது முதல் சாப்பாடு வரைக்கும் அப்பா அழுதுகொண்டேதான் இருக்கிறார். நோயலின் ஃபோனில் ஒன்பதாயிரம் படங்கள். சர்வர் திரைகள், டீம் லஞ்ச், நந்தி மலைச் சூரியன். அப்பா தினமும் அனுப்பிய காலை வணக்கங்களையும் பைபிள் வசனங்களையும், அவற்றோடு வந்த எல்லாவற்றையும் மாதாமாதம் மொத்தமாக அழித்துவிடுவது அவன் வழக்கம். தேடித் தேடி, ஒரு பிறந்தநாள் படத்தின் ஓரத்தில், கேக் தட்டைப் பிடித்திருக்கும் கையைக் கண்டுபிடித்தான். கடிகாரத்தை வைத்து அது அப்பாவின் கை என்று தெரிந்தது.

செய்தி தெருவுக்குப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் படம் வைத்திருந்த மனுஷன், தன் படத்தைத் தானே அழித்துவிட்டான் என்று வருகிறவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். மாடி வீட்டுப் பெருமாள்சாமி மட்டும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பாவோடு இருபது வருஷம் காலை நடை போனவர். நோயலைக் கையைப் பிடித்து மாடிப்படிக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, சின்னப்பாவா தப்பா அமுக்கினாரு? ஸ்டோர்ல ஒரு போல்ட்டு கொறஞ்சா மூணு நாள் வீட்டுக்கு வராத ஆளுப்பா. ஒரு விஷயம் தெரியலன்னா கேட்டுக் கேட்டு உசுர வாங்கிடுவாரு. கேக்காம அழிச்சிருக்க மாட்டாரு. யாரையோ கேட்டிருப்பாரு."

"வயசாச்சுல்ல அங்கிள்," என்றான் நோயல்.

"வயசா? அவருக்கா?" பெருமாள்சாமி அவனை ஒரு மாதிரி பார்த்தார். "சரி தம்பி. நீ சொன்னா சரிதான். நீதான் இதெல்லாம் படிச்சவன்."

பதினொன்றே முக்காலுக்கு வேதநாயகி எழுந்து, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து டென்சிலிடம் நீட்டினாள்.

"இத வெச்சிக்கங்க."

"ஆன்ட்டி, இது நாப்பத்திரெண்டு வருஷத்துக்கு முந்தினது."

"மூஞ்சி அவரோடதுதானே?"

"உங்க தோளும் மாலையும் சேந்து வருதே."

"என்னைய எடுத்துடுங்க," என்றாள் வேதநாயகி.

இரண்டரை மணிக்கு வாசலில் ஃபிளெக்ஸ் ஏறியது. அடர்த்தியான மீசையும் அகலக் காலரும் வைத்த இருபத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், தோற்றம் மறைவு என்ற எழுத்துகளுக்கு மேலே, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இடது தோளுக்குப் பக்கத்தில் டென்சில் அவசரமாகப் பூசிய நீல நிறம் திட்டாகத் தெரிந்தது. தெருவில் போன பைக்குகள் வேகத்தைக் குறைத்தன. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "அய்யோ பாப, சிக்க வயசு," என்று கன்னடத்தில் சொல்லி நெஞ்சில் கை வைத்தாள். சின்ன வயசில்லை, எழுபத்தொன்று என்று யாரோ ஓடிப்போய் விளக்கினார்கள். அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் ஏன் இந்தப் படம் என்று கேட்டாள். அதற்கு அவர்கள் சொன்ன பதில் நோயலின் காதிலும் விழுந்தது.

கோயிலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பெட்டி மேல் சின்ன ஃபிரேமில் அதே இளைஞன். பங்குச் சாமியாருக்கும் விஷயம் எட்டியிருந்தது. பிரசங்கத்தில் அதையே எடுத்துக்கொண்டார்.

"அன்பானவர்களே, இந்தப் பங்கில் ஒவ்வொருவரின் முகத்தையும் பாதுகாத்து வைத்தவர் சின்னப்பா. ஆனால் தனக்கென்று ஒரு படத்தைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு இடம் வேண்டும் என்று தன்னையே அழித்துக்கொண்டார். இதைவிடத் தாழ்ச்சி என்ன இருக்கிறது?"

பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. மௌரீன் முகத்தை மூடிக்கொண்டாள். காலையில் அப்பாவைத் திட்டியதற்காக அழுகிறாள் என்று நோயலுக்குத் தெரிந்தது. சாமியார் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, சாமி, அவரு கேட்டாரு, நான்தான் சொன்னேன் என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தபடியே முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பொய்யை உள்ளே வைத்துக்கொண்டு நற்கருணை அப்பம் வாங்கப் போகவில்லை. போகாததை அம்மா திரும்பிப் பார்த்தாள்.

கல்லறையில் சீக்கிரம் முடிந்தது. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நோயல் போட்ட பிடி பெட்டி மேல் விழுந்து சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது ஆறாகவில்லை, வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அது இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. மௌரீன் குளிக்கப் போனாள். அவள் புருஷன் பக்கத்து வீட்டிலிருந்து காப்பி ஃபிளாஸ்க் வாங்கிவரப் போனான். நோயல் கம்ப்யூட்டரை அணைக்க மறந்திருந்தான். அதன் முன்னால் போய் உட்கார்ந்தான். வேதநாயகி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப வேலை செய்யுதா இது?"

"செய்யுதும்மா."

"எடம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எவ்வளவு வந்துச்சு?"

"பதினாலு ஜி.பி."

வேதநாயகி தலையை ஆட்டினாள்.

"அவரும் பதினாலுன்னுதான் சொன்னாரு," என்றாள்.

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாரு. உன் ஃபோன எப்பவும் ஸ்பீக்கர்லதான் போடுவாரு, எனக்கும் கேக்கட்டும்னு. நீ வெச்சதுக்கு அப்புறம் நான்கூடச் சொன்னேன், எனக்கென்னவோ அந்தப் பதினாலுதான் குப்பைன்னு தோணுதுங்கன்னு. அவரு ஒத்துக்கல. அவன் அதுலயே இருக்கறவன், தொடாதேன்னா தொடக் கூடாதுன்னுட்டாரு. அப்புறம் ஒவ்வொண்ணா என்கிட்ட காட்டிக் காட்டி அழிச்சாரு. இது புள்ளைங்க இருக்கற படம், இருக்கட்டும். இதுல நான் மட்டும்தான் இருக்கேன், போவட்டும்னு."

"அம்மா..."

"செவ்வாக்கிழம ராத்திரி ஆரம்பிச்சு வியாழக்கிழம வரைக்கும் அழிச்சாரு."

அந்தப் புதனும் வியாழனும் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நோயல் யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. எதுவோ முக்கியமான வேலையாகத்தான் இருந்திருக்கும்.

"அப்புறம் ஏம்மா காலையில, அவரே அமுக்கிட்டாருன்னு எல்லார்கிட்டயும்..."

"வேற என்னன்னு சொல்றது?" வேதநாயகியின் குரலில் கோபம் இல்லை. ஆறுதலும் இல்லை. "அவரு போயிட்டாரு. யாரு என்ன சொன்னாலும் அவருக்கு ஒண்ணும் ஆவாது. நீ இன்னும் இந்தத் தெருவுல நடக்கணும்ல."

நோயல் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டான். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. தப்புப் பண்ணிவிட்டேன் என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். அவள் அவன் முதுகைத் தொடவில்லை. பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. அவன் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மூஞ்சியத் தொடைச்சிட்டு ஃபோன எடு," என்றாள்.

"யாருக்கும்மா?"

"யாருக்கும் இல்ல. என்னைய ஒரு படம் எடு."

"இன்னிக்கா?"

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு எடுக்க யாரு இருக்கா?"

"அப்பா எடுத்தது உன்னோடது இதுல இருக்கும்மா. நல்லா இருக்கு, பாத்தேன்."

"அது அவரு எடுத்தது. நீயும் ஒண்ணு எடுத்து வெச்சிக்க. நாளைக்கு நீ தேடக் கூடாது."

அவள் எழுந்து நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டாள். கல்லறை மண் ஒட்டியிருந்த முந்தானையை உதறி, தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். கலைந்திருந்த நரைமுடியை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி வாரிவிட்டாள். பிறகு கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, "இங்கதான பாக்கணும்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

நோயல் ஃபோனை உயர்த்தினான். அழுது வீங்கிய இரண்டு கண்ணும் திரைக்குள்ளிருந்து அவனை நேராகப் பார்த்தன. அழுத்தினான்.

"எங்க, காட்டு."

காட்டினான். முகம் கலங்கலாக விழுந்திருந்தது.

"ஆடிட்டியா?"

"கொஞ்சம்."

"இன்னொண்ணு எடு. அவசரப்படாத," என்று சொல்லிவிட்டு, வேதநாயகி கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.